ஈசலும் எறும்பும் எதுவரைக்கும் சொல்லும்?



ஐப்பசி நெருங்கிவிட்டால் போதும். நம் குழுக் கூட்டங்களில் சேமிப்புப் பணம் எண்ணி, கடன் தவணை எழுதி முடித்த கையோடு மழைப் பேச்சு ஆரம்பித்துவிடும். "தட்டான் தாழப் பறக்குது, மழை உண்டு" என்பார் ஒருவர். "எறும்பு முட்டையைத் தூக்கிட்டு பரண்மேல ஏறுது" என்பார் இன்னொருவர். வயதான ஆயா ஒருவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "கார்த்திகை தாண்டிட்டா பயமில்ல" என்று முடித்துவைப்பார்.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். டிவியில் சொல்வதைவிட இதுதான் நிஜம் என்று சிலர் நம்புகிறார்கள். இரண்டுமே முழுசா சரியில்லை. இயற்கை காட்டும் குறிகளில் சில நல்ல பலன் தரும், சில ஏமாற்றிவிடும். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர், பழவேற்காடு வரை கடலை நம்பிப் பிழைக்கும் நமக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். காயப்போட்ட கருவாடும், குழுவில் வாங்கிய கடனும், சில நேரம் உயிரும் இதில்தான் இருக்கிறது.

நமக்கு மழை எங்கிருந்து வருது?

கேரளாவுக்கு ஜூன் மாதம் மழை கொட்டும்போது நமக்கு வெயில் கொளுத்தும். நம்முடைய பெரிய மழை வடகிழக்குப் பருவமழை. அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதம்தான் அதன் காலம். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில் கிடைப்பது.

இந்த மழைக்கு முன்னால் காற்று திசை மாறும். அதுவரை தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வீசிய காற்று அடங்கி, வடக்கிலிருந்து வாடையும் கிழக்கிலிருந்து கொண்டலும் வீசத் தொடங்கும். கடலின் நீரோட்டமும் திரும்பும். கோடையில் கரையோரமாக வடக்கு நோக்கி ஓடிய தண்ணீர், ஐப்பசி வாக்கில் தெற்கு நோக்கி ஓடும். வலை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதை வைத்தே நம் வீட்டு ஆண்கள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வானிலைத் துறையும் ஏறக்குறைய இதையேதான் பார்க்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று விலக வேண்டும், கிழக்குக் காற்று நிலையாக வீச வேண்டும், கரையோரம் பரவலாக மழை பெய்ய வேண்டும். இவை கூடிவந்தால்தான் "வடகிழக்குப் பருவமழை தொடங்கியது" என்று அறிவிப்பார்கள். வழக்கமாக அது அக்டோபர் 20ஐ ஒட்டி நடக்கும். ஆக, காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் பருவம் சொன்ன நம் பெரியவர்கள் குருட்டாம்போக்கில் சொல்லவில்லை.

ஒருநாள் குறிகள்

சில குறிகள் இன்றைக்கோ நாளைக்கோ வரப்போகும் மழையைச் சொல்லும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உப்பு ஜாடி: நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் குறி இதுதான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுக்க ஆரம்பிக்கும். கல் உப்பு கசியும், அப்பளம் நமத்துப்போகும், மரக்கதவு உப்பிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நாம் இருப்பது கடற்கரை. இங்கே உப்பு பாதி நாள் ஈரமாகத்தான் இருக்கும். அதனால் "ஈரமா இருக்கா" என்று பார்த்தால் போதாது. "நேத்தைவிட இன்னைக்கு அதிகமா கசியுதா" என்று பார்க்க வேண்டும்.

எறும்பு: எறும்பு முட்டையோடு மேடு ஏறினால் மழை என்பது பழமொழி. எறும்பு தூக்கிக்கொண்டு போவதில் முட்டை மட்டுமல்ல, அதன் புழுவும் கூட்டுப்புழுவும் இருக்கும். மண்ணில் ஈரம் ஏறினால் குஞ்சுகளைக் காப்பாற்ற அது இடம் மாறுகிறது. அதே எறும்பு நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் இடம் மாறும், வெயில் அதிகமானாலும் மாறும். எறும்பை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

தட்டான்: தட்டான் தாழப் பறந்தால் மழை என்போம். புழுக்கமான நேரத்தில் சின்னப் பூச்சிகள் தரையை ஒட்டித் திரியும். அவற்றைப் பிடித்துத் தின்ன வரும் தட்டானும் தாழ்ந்து பறக்கும். இன்னொரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். மஞ்சள் நிறத்தில் கூட்டமாக வரும் ஒருவகைத் தட்டான், மழையோடு மழையாக ஊர்விட்டு ஊர் போகும். மாலத்தீவில் அக்டோபர், நவம்பரில் இவை லட்சக்கணக்கில் வந்து இறங்குவதை ஓர் ஆராய்ச்சியாளர் பல ஆண்டு கவனித்து 2009இல் எழுதினார். இந்தியப் பக்கமிருந்து வடகிழக்குக் காற்றில் ஏறி, கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை அவை போகின்றன என்பது அவர் முடிவு. அந்த வகைக்கு மழையும் காற்றும்தான் பிழைப்பு. மழைத்தண்ணீர் தேங்கிய குட்டையில்தான் அது முட்டையிடும்.

ஈசல்: அந்தி நேரத்தில் ஈசல் கிளம்பினால் அடைமழை என்பார்கள். ஈசல் பறந்தால் மழை விட்டுவிடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே பூச்சிக்கு இரண்டு ஜோசியம்! உண்மை என்னவென்றால், மழை பெய்து மண் இளகிய பிறகு, காற்று அடங்கி ஈரம் நிறைந்திருக்கும் வேளையில் கறையான் புற்றிலிருந்து ஈசல் வெளியே வரும். அது சொல்வது பெய்து முடிந்த மழையை. அடுத்த மழை வரலாம், வராமலும் போகலாம்.

நிலா வட்டம்: "அகல் வட்டம் பகல் மழை" என்ற பழமொழி நம்மில் பலருக்குத் தெரியும். நிலாவைச் சுற்றி, தூரத்தில் பெரிய வட்டம் தெரிவது மிக உயரத்தில் இருக்கும் மெல்லிய மேகத்தால். அந்த மேகத்தில் இருப்பது தண்ணீர்த் துளி அல்ல, ஆறு பட்டை கொண்ட பனித்துகள். நிலா வெளிச்சம் அதில் புகுந்து வளைவதால் வட்டம் தெரிகிறது. கடலில் பெரிய மழைமேகக் கூட்டமோ புயல் சின்னமோ இருந்தால், அதன் உச்சியிலிருந்து இந்த மெல்லிய மேகம் முன்கூட்டியே நம் தலைக்குமேல் பரவிவிடும். அதனால் இந்தப் பழமொழிக்கு நல்ல அடிப்படை இருக்கிறது. நிலாவை ஒட்டினாற்போல் தெரியும் சின்ன வட்டம் வேறு. அது சாதாரண மேகத்தின் நீர்த்துளியால் வருவது.

ஈசானி மூலை மின்னல்: வடகிழக்கு மூலையில் மின்னினால் மழை வரும் என்பது நம் கடற்கரைக்கு நன்றாகவே பொருந்தும். இந்தப் பருவத்தில் இரவில் கடல்மேல் மேகம் திரளும். கிழக்குக் காற்று அதைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். இரவில் ஈசானி மூலை வெட்டினால் விடியற்காலையில் எண்ணூரிலும் காசிமேட்டிலும் மழை பிடிக்கும் வாய்ப்பு அதிகம்.

இந்தக் குறிகள் எல்லாவற்றிலும் ஒரு ஒற்றுமையைக் கவனித்தீர்களா? எல்லாமே இப்போது காற்றில் இருக்கும் ஈரத்தையும், பக்கத்தில் வந்துவிட்ட மேகத்தையும்தான் காட்டுகின்றன. அதனால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குத்தான் இவற்றின் பேச்சு செல்லும்.

பருவம் முழுக்கச் சொல்ல முடியுமா?

"இந்த வருஷம் மழை எப்படி, குளிர் எப்படி" என்று முன்கூட்டியே சொல்லும் குறிகளும் உண்டு. இது உலகம் பூரா இருக்கிற ஆசை.

குஜராத்தில் ஆள்காட்டிக் குருவி மேட்டில் முட்டையிட்டால் அந்த வருஷம் மழை அதிகம் என்று நம்புகிறார்கள். அமெரிக்காவில் ஒரு கம்பளிப்பூச்சி இருக்கிறது. அதன் இரண்டு முனையும் கறுப்பு, நடுவில் பழுப்புப் பட்டை. பட்டை அகலமாக இருந்தால் குளிர்காலம் லேசாக இருக்கும் என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. ஆராய்ந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. பூச்சி வளர வளரப் பட்டை அகலமாகிறது. முடிந்துபோன பருவத்தில் அது எவ்வளவு தின்று வளர்ந்தது என்பதற்குத்தான் அந்தப் பட்டை கணக்கு.

அதே நாட்டில் பென்சில்வேனியா மாநிலத்து ஊர் ஒன்றில் 1887 முதல் ஒரு வேடிக்கை நடக்கிறது. வளையில் வாழும் அணில் இனத்துப் பிராணி ஒன்றை பிப்ரவரி 2ஆம் தேதி வெளியே எடுப்பார்கள். அது தன் நிழலைப் பார்த்தால் இன்னும் 6 வாரம் குளிர் என்று அர்த்தமாம். அந்த நாட்டு அரசின் வானிலைத் துறை கணக்குப் பார்த்ததில், பாதித் தடவைகூட அது பலிக்கவில்லை. காசைச் சுண்டிப் பார்த்தால்கூட பாதி பலித்துவிடும்!

ஏன் பலிப்பதில்லை? நம் மழையையே எடுத்துக்கொள்வோம். ஒரு வருஷம் வடகிழக்குப் பருவமழை கூடுவதும் குறைவதும் பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியுள்ள பசிபிக் கடலின் சூட்டைக்கூடப் பொறுத்தது. அந்தக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டுகளை எல் நினோ ஆண்டு என்பார்கள். அப்படிப்பட்ட ஆண்டுகளில் நமக்கு மழை கூடுவதற்கு வாய்ப்பு அதிகம். சென்னையை வெள்ளம் புரட்டிப்போட்ட 2015 அப்படி ஓர் ஆண்டு. பசிபிக் கடல் சூடானது எண்ணூர் எறும்புக்கு எப்படித் தெரியும்? பக்கத்து மண்ணின் ஈரம்தான் அதற்குத் தெரியும்.

கர்ணனும் கார்த்திகையும்

"கர்ணனுக்குப் பின் கொடையில்லை, கார்த்திகைக்குப் பின் மழையில்லை." நம் பக்கத்தில் அதிகம் நம்பப்படும் பழமொழி இது. இதைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும்.

பொதுவாகப் பார்த்தால் இது சரிதான். டிசம்பர் பாதிக்குமேல் மழை குறைந்துவிடும். ஜனவரியில் சென்னைக்குச் சொற்ப மழைதான். 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெருமழை, 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை, மூன்றுமே கார்த்திகைக்குள் வந்தவை.

ஆனால் இதையும் பாருங்கள். தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் அடித்து நொறுக்கியது 2011 டிசம்பர் 30ஆம் தேதி. அது நடு மார்கழி. 2023இல் மார்கழி பிறந்த அன்று தொடங்கி ஒரே நாளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சென்னைக்கு ஒரு வருஷத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அது! 2021 ஜனவரியில் பொங்கல் சமயத்தில் பெய்த மழையில் டெல்டா மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து முளைத்தது.

பத்து வருஷத்தில் எட்டு வருஷம் பலிக்கும் பழமொழி, மீதி இரண்டு வருஷத்தில் வீட்டையே கொண்டுபோய்விடும். "கார்த்திகை முடிஞ்சிடுச்சு" என்று நம்பி, மார்கழி முதல் வாரத்திலேயே பெரிய உள்கடன் வாங்கிக் கருவாட்டுக்கு மீன் வாங்கிக் குவிப்பது சரியல்ல. பழமொழி கடனைக் கட்டாது.

பனியும் புகையும்

மழை விட்ட பிறகு வானம் தெளிந்துவிடும். மேகம் ஒரு போர்வை மாதிரி. அது விலகினால் தரையின் சூடு இரவில் மேலே போய்விடும். நனைந்த தரையும் ஈரக்காற்றும் குளிர்ந்து பனியாக இறங்கும். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது இதைத்தான். "பனி இறங்கிடுச்சு, இனி மழையில்ல" என்று பெரியவர்கள் சொல்வதும் பெரும்பாலும் சரி. பனி விழ வானம் தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா?

நம் பகுதியில் பனியோடு புகையும் சேர்ந்துகொள்ளும். குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக்கிடக்கும்போது ஆலைப்புகையும் லாரிப்புகையும் மேலே போக முடியாது. போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்தினால் கேட்கவே வேண்டாம். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. அந்தக் காற்றைத்தான் நம் குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிலா வட்டம் பார்க்கப் புகையில்லாத வானம் வேண்டும், இரவு விளக்கு வெளிச்சம் குறைவாக இருக்க வேண்டும். கடலின் போக்கைப் பார்க்க மணல் வேண்டும். துறைமுகத்துத் தடுப்புச் சுவர் வடக்கு நோக்கி வரும் மணலைத் தடுத்ததால், தெற்கே மெரினா அகலமானது. ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்து, கல் கொட்டித் தடுக்க வேண்டி வந்தது. நம் பாட்டிமார் பார்த்த குறிகளில் பல இன்று நம் கண்ணுக்கே தெரிவதில்லை. குறியை மட்டும் நம்பி இருக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

புயல் கூண்டு என்ன சொல்லுது?

புயலை எறும்பும் தட்டானும் சொல்லாது. அதற்கு நம் பக்கத்திலேயே வேறு ஏற்பாடு இருக்கிறது. 2002 முதல் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் வானிலை ரேடார் இருக்கிறது. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்கும் தெரியும். நம்பர் எதைச் சொல்கிறது?

• 1, 2: தூரத்தில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு அல்லது புயல் உருவாகியிருக்கிறது. துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை.
• 3, 4: நம் பகுதியில் பலத்த காற்றும் மோசமான வானிலையும் வரலாம். தயாராக வேண்டும்.
• 5, 6, 7: ஆபத்து. புயல் துறைமுகத்தின் ஒரு பக்கமாகவோ மேலேயோ கடக்கும்.
• 8, 9, 10: பெரும் ஆபத்து. அதேபோல, ஆனால் கடுமையான புயல்.
• 11: தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. நிலைமை மிக மோசம்.

இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். ஒன்று, புயல் வேறு ஊரில் கரை கடந்தாலும் மழை நம்மை விடாது. மிக்ஜாம் கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, 2023 டிசம்பர் 5ஆம் தேதி. அதற்கு முந்தைய இரண்டு நாளில் மூழ்கியது சென்னை. எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பாக அப்பிக்கொண்டது. இரண்டு, புயலின் நடுவே காற்று திடீரென்று நின்றுவிடும். அது புயலின் கண். வர்தாவின்போது சென்னையில் அப்படித்தான் நின்றது. "ஓஞ்சிடுச்சு" என்று வெளியே வந்தால், கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று அதே வேகத்தில் அடிக்கும்.

குழுவாக என்ன செய்யலாம்?

1. கருவாடு, அப்பளம், வத்தல் போடுபவர்கள் அன்றாட வேலைக்குக் குறிகளைப் பாருங்கள். உப்பு கசிந்து, நிலா வட்டம் போட்டு, ஈசானி மூலையும் மின்னினால் அன்றைக்கு மீன் குறைவாக வாங்குங்கள். ஒரு குறியைவிட மூன்று குறி சேர்ந்தால் நம்பிக்கை அதிகம். மணலில் காயப்போடாமல் உயரமான தட்டியில் போட்டால் சட்டென்று எடுத்துவைக்கவும் வசதி.

2. கடலுக்குப் போவதா, வீட்டைவிட்டுக் கிளம்புவதா என்ற முடிவுக்குக் குறி பார்க்காதீர்கள். வானிலைத் துறையும் மீன்வளத் துறையும் சொல்வதைக் கேளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070.

3. தீர்மான நோட்டு, வங்கி பாஸ்புக், குடும்ப அட்டை, ஆதார், படகுப் பதிவுத் தாள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே ஊக்குநரும் பிரதிநிதியும் இதை ஒரு கூட்டத்தில் சரிபார்க்கலாம்.

4. கார்த்திகை முடிந்தாலும் தை பிறக்கும்வரை அவசரக் கடனுக்கென்று பொதுநிதியில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

5. ஒரு 'மழைக்குறி நோட்டு' போடுங்கள். தினம் நாலு விஷயத்தில் ஒன்றை எழுதினால் போதும்: குறி தெரிந்தது, மழை வந்தது, குறி தெரிந்தது, மழை வரவில்லை, குறி இல்லை, மழை வந்தது, இரண்டும் இல்லை. பலித்ததை மனசு ஞாபகம் வைத்துக்கொள்ளும், பலிக்காததை மறந்துவிடும். நோட்டு மறக்காது. தை மாதம் கூட்டிப் பார்த்தால், உங்கள் குப்பத்தில் எந்தக் குறி எத்தனை தடவை பலிக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். படிக்கிற பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஆசையாக எழுதுவார்கள்.

சேமிப்புக் கணக்கை நயா பைசா பிசகாமல் எழுதப் பழகியவர்கள் நாம். வானத்துக்கும் அதேபோல ஒரு கணக்கு எழுதினால் என்ன? ஆயா சொன்னதை மதிப்போம், அதையும் நோட்டில் எழுதிச் சரிபார்ப்போம். கூண்டு ஏறினால் மட்டும் யாரையும் கேட்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேடான, பத்திரமான இடத்துக்குப் போய்விடுவோம்.

இந்த மழைக்காலத்தில் உங்கள் குழு எழுதும் நோட்டைத் தை மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள் தோழிகளே. எல்லோருமாக உட்கார்ந்து பார்ப்போம்.